புதிதாக முளைக்கும் எலக்ட்ரானிக் இசை வகைக்கு ஒரு பத்திரிகை: யோசனையிலிருந்து முதல் இதழ் வரை

ஒரு இசை வகை உங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதைச் செய்பவர்கள் மொத்தமே நாற்பது பேர் இருப்பார்கள், கேட்பவர்கள் சில ஆயிரம் பேர், யாரும் அதைப் பற்றி உருப்படியாக எழுதவில்லை, சரி, நாமே ஒரு பத்திரிகை தொடங்கினால் என்ன என்று ஓர் இரவு தோன்றுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் அன்றைக்கே எல்லோரும் உட்கார்ந்து செய்வது லோகோ வரைவது. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நானும் நண்பர்கள் இருவருமாக ஒரு சின்ன இசைப் பத்திரிகையை நடத்தியிருக்கிறோம், லோகோ மட்டும் முதல் நாளே தயாராக இருந்தது, மற்ற எல்லாவற்றிலும் அடிபட்டோம். அந்த அடிகளை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில்: எதற்காக இந்தப் பத்திரிகை?

செய்தி சொல்வதற்காக என்றால் இப்போதே விட்டுவிடுங்கள். இன்று இரவு ஒரு ட்ராக் வெளியானால் நாளை காலைக்குள் கேட்க வேண்டிய எல்லோரும் கேட்டிருப்பார்கள், நீங்கள் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்புவதற்குள் அது பழசாகியிருக்கும். வேகத்தில் உங்களால் ஜெயிக்கவே முடியாது.

ஜெயிக்கக்கூடிய இடம் வேறு. இந்த மாதிரி இசை சீக்கிரம் காணாமல் போய்விடும். ட்ராக்கை ஏற்றியவரே அழித்துவிடுவார், புனைபெயரை மாற்றிக்கொள்வார், கணக்கையே மூடிவிடுவார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த கோம் இசை பெருமளவு வாட்ஸ்அப் வழியாகவும் மினிபஸ் டாக்ஸிகளில் ஒலித்தும்தான் பரவியது. அப்படிக் கைமாறும் கோப்புகளில் யார் செய்தது, எப்போது செய்தது என்பதெல்லாம் பாதி வழியிலேயே உதிர்ந்துவிடும். அதே நாட்டின் இன்னொரு நடன இசையான அமாபியானோ உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகும் அது பிரிட்டோரியாவில் தொடங்கியதா, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து டவுன்ஷிப்களில் தொடங்கியதா என்ற சண்டை ஓயவில்லை. அந்த முதல் இரண்டு வருடங்களில் யாராவது ஒருவர் தேதி போட்டு, பெயர் போட்டு, ஒரு சிறுபத்திரிகை நடத்தியிருந்தால் இன்று அதை எல்லோரும் தேடி அலைவார்கள்.

உங்கள் வேலை அதுதான்: நடந்துகொண்டிருக்கும்போதே பதிவு செய்வது. பக்க எண்ணிக்கை, விலை, கேள்விகள், காகிதம் என எதை முடிவெடுத்தாலும் இது பதிவுக்கு உதவுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பெயரும் எல்லையும்

அந்த இசைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறதா? அல்லது மூன்று பெயர்கள் இருந்து அடித்துக்கொள்கின்றனவா? இதில் ரொம்பக் கவனமாக இருங்கள், ஏனென்றால் அச்சில் வந்த பெயர் ஒட்டிக்கொள்ளும். டெட்ராய்ட் இளைஞர்களின் இசைக்கு டெக்னோ என்ற பெயர் வெளியுலகில் நிலைத்தது 1988-இல், பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்பு ஆல்பமும் அதே ஆண்டு தி ஃபேஸ் பத்திரிகையில் வந்த கட்டுரையும் சேர்ந்து செய்த வேலை அது. டப்ஸ்டெப் என்ற சொல்லும் அப்படித்தான். எக்ஸ்எல்ஆர்8ஆர் என்ற அமெரிக்க இதழ் 2002-இல் ஹார்ஸ்பவர் புரொடக்ஷன்ஸ் என்ற லண்டன் குழுவை அட்டையில் போட்டு எழுதிய கட்டுரைக்கு அந்தச் சொல் நிலைபெற்றதில் பெரிய பங்குண்டு. லண்டனில் நடந்த இசைக்குப் பெயர் பரவியது கடல் தாண்டிய ஒரு பத்திரிகை வழியாக!

ஆகவே, அந்த இசையைச் செய்பவர்களே வெறுக்கும் பெயரை நீங்கள் முத்திரை குத்திவிடாதீர்கள். பத்துப் பேரிடமாவது கேளுங்கள். ஆறு பேர் முகம் சுளித்தால் அந்தப் பெயர் வேண்டாம்.

எல்லையை வரைய ஒரு எளிய வழி இருக்கிறது. முப்பது ட்ராக்குகளைப் பட்டியலிடுங்கள், இருபது சந்தேகமில்லாமல் உள்ளே, பத்து ஓரத்தில் நிற்பவை. ஆசிரியர் குழுவில் இருக்கும் மூன்று பேரும் தனித்தனியாகக் கேட்டு உள்ளே, வெளியே என்று குறியுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். நீங்கள் முரண்படும் ஐந்தாறு ட்ராக்குகள்தான் பொன், முதல் இதழின் தலையங்கம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. அதன்பின் ஒரே ஒரு பக்கத்தில் அந்த இசையை விவரித்துப் பாருங்கள். வேகத்தை மட்டும் எழுதினால் போதாது. டப்ஸ்டெப் நிமிடத்துக்கு 140 பீட் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஸ்னேர் என்ற டிரம் அடி மூன்றாவது பீட்டில் மட்டும் விழுவதால் உடம்பு அதை 70 என்றே உணர்கிறது, பாதி வேகத்தில் தலை ஆடுகிறது. 140-ஐ விட இந்தப் பாதி வேக உணர்வுதான் வாசகருக்கு உதவும்.

பத்திரிகையின் பெயரில் இசை வகையின் பெயரைச் சேர்க்காதீர்கள். இது என் பிடிவாதமான கருத்து. மிக்ஸ்மேக் என்ற பிரிட்டிஷ் இதழ் 1983-இல் டிஜேக்களுக்கான 16 பக்கக் கறுப்பு வெள்ளை மடலாகத் தொடங்கியது. பெயரில் மிக்ஸ் இருந்தது, வகை எதுவும் இல்லை, அதனால் ஹவுஸ், டெக்னோ, டிரம் அண்ட் பேஸ் என்று எது வந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ள முடிந்தது. தி வயர் 1982-இல் ஜாஸையும் இம்ப்ரொவைஸ்டு இசையையும் மையமாக வைத்துத் தொடங்கிய இதழ், இன்று அதில் எலக்ட்ரானிக் இசை ஏராளம். உங்கள் வகை மூன்று வருடத்தில் வேறொன்றாக உருமாறினால் பெயர் உங்கள் கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

யார் யார் வேண்டும்

மூன்று பேர் போதும். எழுத்தைப் பார்க்க ஒருவர், வடிவமைக்க ஒருவர், பணமும் அஞ்சலும் பார்க்க ஒருவர். மூன்றாவது ஆள் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். கவிதை மனம் படைத்த மூன்று பேர் சேர்ந்தால் இதழ்க் கட்டுகள் அறையிலேயே கிடக்கும்.

சின்ன இசைக் கூட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. எழுதுபவர், டிஜே, லேபிள் (இசையை வெளியிடும் நிறுவனம்) வைத்திருப்பவர், நிகழ்ச்சி நடத்துபவர் எல்லோரும் ஒரே ஆளாக இருப்பார். யாரையும் விலக்க முடியாது, விலக்கினால் எழுத ஆள் இருக்காது. ஆகவே விதி எளிமையாக இருக்கட்டும்: தன் லேபிளைப் பற்றித் தானே எழுதக் கூடாது, நண்பரைப் பற்றி எழுதினால் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ஒரு பக்க ஒப்பந்தம். பத்திரிகையின் பெயர் யாருக்குச் சொந்தம், இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது, ஒருவர் விலகினால் என்ன ஆகும், பழைய கோப்புகள் யாரிடம் இருக்கும். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று கேட்பீர்கள். நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும்.

வடிவம்: காகிதம் நம்மை எங்கே கவிழ்க்கும்

மாத இதழ் வேண்டாம். மூன்று இதழ்கள் என்று முடிவு செய்யுங்கள், ஒன்றரை வருடத்தில். மூன்றாவது வந்த பிறகு தொடர்வதா என்று யோசிக்கலாம். மூன்று என்று சொல்லித் தொடங்கி மூன்றையும் கொண்டுவந்த பத்திரிகைக்கு இருக்கும் மரியாதை, காலாண்டிதழ் என்று போட்டுவிட்டு ஒன்றோடு நின்றுபோனதற்குக் கிடையாது.

ஏ5 அளவு, 48 பக்கம், நடுவில் பின் அடித்தது. தொடக்கத்துக்கு இது போதும். பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், ஏனென்றால் ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். பெரிய தாளில் அடிக்கும்போது 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கு, 48 என்றால் சரியாக மூன்று ஃபாரம். எங்கள் முதல் இதழை நாங்கள் 30 பக்கமாக வடிவமைத்து அனுப்பினோம். அச்சகத்திலிருந்து போன் வந்தது, மீதி இரண்டு பக்கத்தில் என்ன போட என்று. என்ன போட்டோம் தெரியுமா? ‘குறிப்புகளுக்கு’ என்று தலைப்பிட்டு இரண்டு வெற்றுப் பக்கம். ஒரு வாசகர் அதைப் பாராட்டி எழுதியிருந்தார்.

புகைப்படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த இசைக்கென்றே இருக்கும் தலைவலி அது. கிளப்பில் எடுத்த படங்கள் எல்லாம் இருட்டில், நீலமும் ஊதாவும் கலந்த எல்ஈடி வெளிச்சத்தில் எடுத்தவை. திரையில் பளபளக்கும். அச்சில் அந்த ஒளிர்நீலம் இருக்காது, நான்கு வண்ண மையில் அதைக் கொண்டுவரவே முடியாது, மங்கலான கத்தரிப்பூ நிறம்தான் மிஞ்சும். போதாக்குறைக்கு வழவழப்பில்லாத காகிதம் மையை உறிஞ்சிக்கொள்ளும், நிழல்கள் இன்னும் கறுத்து, டிஜேயின் முகம் இருந்த இடத்தில் ஒரு கரித்துண்டு இருக்கும். வழிகள் மூன்று. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி நிழல் பகுதியை நன்றாகத் தூக்கிவிடலாம். கறுப்போடு ஒரே ஒரு தனி வண்ணம் சேர்த்து முழு இதழையும் இரு வண்ணத்தில் அடிக்கலாம், வண்ணத்துக்கு வண்ணம் தனித்தனியாக அடிக்கும் ரிசோ இயந்திரத்தில் அது அழகாகவும் வரும், சிக்கனமாகவும் முடியும். இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில் அவரவர் வேலை செய்யும் மேசையருகே படம் எடுங்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு மேசையில் இருந்த ஹெட்போனும் ஒட்டுப்போட்ட ஒயரும் ஆயிரம் கதை சொல்லும்.

படங்கள் அச்சிடும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), ஓரம் வரை போகும் படத்துக்கு நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல், மடிப்பில் யாருடைய முகமும் விழக் கூடாது. மாதிரிப் பிரதி ஒன்றைக் காகிதத்தில் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள், பிடிஎஃப் பார்த்து ஓகே சொன்னவர்கள் எல்லோரும் பிறகு அழுதிருக்கிறார்கள்.

பணம்

எந்த ஊர்ப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள், நான் அலகு என்று சொல்கிறேன். எழுத்து, வடிவமைப்பு, படம் எல்லாம் சேர்த்து 30,000 அலகு. ஒரு பிரதி அச்சிட 40, அஞ்சலுக்கும் உறைக்கும் 20, விலை 150. ஒரு பிரதிக்கு 90 மிச்சம், 30,000-ஐ 90-ஆல் வகுத்தால் 334, ஆக 334 பிரதி விற்றால் போட்ட காசு வந்துவிடும் என்று கணக்குப் போடுவோம். இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுவது. நீங்கள் அச்சடித்தது 500, அந்த 500-க்கும் அச்சுக்கூலி 20,000 ஏற்கெனவே கைவிட்டுப் போய்விட்டது. ஆக மொத்தச் செலவு 50,000. ஒவ்வொரு பிரதியும் அஞ்சல் போகக் கொண்டுவருவது 130. அப்படியென்றால் 385 பிரதி விற்க வேண்டும். எழுதியவர்களுக்கும் நூலகங்களுக்குமாக இலவசப் பிரதி 50 போகும், அவற்றின் அஞ்சல் செலவையும் சேர்த்தால் 393, கையில் இருப்பது 450.

இப்போது கடை வழியாக விற்பதைப் பாருங்கள். கடைக்காரர் 40 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு வருவது 90. 50,000-ஐ 90-ஆல் வகுத்தால் 556. அச்சடித்ததே 500! அதாவது எல்லாமே விற்றுத் தீர்ந்தாலும் நஷ்டம். கடை என்பது கண்ணில் படுவதற்கு, காசுக்கு நேரடி விற்பனை. முன்பதிவு வாங்குங்கள், 200 முன்பதிவு வராமல் அச்சுக்குப் போகாதீர்கள். நிகழ்ச்சிகளின் வாசலில் ஒரு மேசை போடுங்கள், உங்கள் வாசகர் முழுவதும் அங்கேதான் நிற்கிறார்.

சந்தா வாங்கும்போது ஜாக்கிரதை. சந்தாப் பணம் வருமானம் மாதிரி தெரியும், உண்மையில் கடன். இன்னும் எழுதாத இதழுக்கு வாங்கிய கடன். மூன்று இதழுக்கு மேல் சந்தா விற்காதீர்கள், அந்தப் பணத்தை முதல் இதழிலேயே கரைத்துவிடாதீர்கள்.

விளம்பரத்தை முதல் இதழின் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். புது வகையின் லேபிள்களிடம் காசு இருக்காது. வந்தால் சந்தோஷம், ஆனால் விளம்பரம் கொடுத்தவரின் ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதித் தருவதாக யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சின்னக் கூட்டத்தில் அது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உள்ளே என்ன

48 பக்கத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். அட்டை நான்கு, பொருளடக்கமும் தலையங்கமும் இரண்டு, விளம்பரத்துக்கு இரண்டு. ஒரு நீண்ட நேர்காணலுக்கு எட்டு, ஒரு ட்ராக்கைப் பிரித்துப் பார்க்கும் கட்டுரைக்கு ஆறு, நடன இடங்களைப் பற்றிய நேரடிக் கட்டுரைக்கு எட்டு, படங்களுக்கு எட்டு, விமர்சனத்துக்கு ஆறு, காலவரிசைக்கு நான்கு. காலவரிசையை யாரும் கவர்ச்சியானதாக நினைப்பதில்லை. ஆனால் இதழில் நீண்ட நாள் வாழப்போவது அதுதான், அதிகம் சண்டை வரப்போவதும் அதில்தான்.

நேர்காணலில் ‘உங்களை ஈர்த்த கலைஞர்கள் யார்’ என்று கேட்காதீர்கள், மனப்பாடம் செய்த பதில் வரும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ட்ராக்கைச் செய்த ப்ராஜெக்ட் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். எந்த சேனல் முதலில் போட்டது? இந்த கிக் (பெரிய டிரம்மின் அடி) யாரிடமிருந்து வந்தது? ஏன் பேஸை இவ்வளவு தள்ளி வைத்திருக்கிறீர்கள்? கோப்பு உருவான தேதி என்ன? அந்தத் தேதியைப் பார்த்ததும் அவருக்கே அந்த மாதம் நினைவுக்கு வரும், யார் வீட்டில் இருந்தார், கம்ப்யூட்டர் எப்படிச் சூடாகி நின்றது, எந்த மென்பொருளை யார் பென் டிரைவில் கொடுத்தார் என்றெல்லாம் பேச ஆரம்பிப்பார்.

கருவியைப் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். ரோலண்டின் டிபி-303 1981-இல் பேஸ் கிட்டாருக்குப் பதிலாக வாசிக்க வந்த பெட்டி. அந்த வேலைக்கு அது உதவவில்லை, 1984-இல் தயாரிப்பே நின்றது, செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தது. அது சிகாகோ இளைஞர்கள் கையில் சிக்கி, குமிழ்களைத் திருகித் திருகி வந்த சத்தம்தான் ஆசிட் ஹவுஸ். மலிவாகக் கிடைத்தது என்ற சின்ன விவரத்தை எடுத்துவிட்டால் அந்தக் கதையே புரியாது. உங்கள் வகையிலும் அப்படி ஒரு விவரம் எங்கோ இருக்கிறது.

விமர்சனத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. ‘மனதை எங்கோ அழைத்துச் செல்லும் ஆழமான ட்ராக்’ — இது எந்த இசைக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பொருந்தாது. இதைப் பாருங்கள்: ‘முதல் நிமிடம் முழுக்க கிக் கிடையாது, கைதட்டல் மட்டும் கொஞ்சம் பிந்திப் பிந்தி விழுகிறது, கிக் வரும்போது நாம் கைதட்டலைத்தான் பீட் என்று நம்பியிருக்கிறோம், கால் ஒரு கணம் தடுமாறுகிறது.’ ட்ராக்கைக் கேட்காதவரும் இதைப் படித்தால் அடையாளம் கண்டுகொள்வார். ட்ராக் அழிந்துபோனாலும் இந்த மூன்று வரி இருக்கும்.

அச்சுக்கு முன் சரிபார்ப்பு

புனைபெயர்களை அவரவரே எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள், எந்த எழுத்து, இடைவெளி உண்டா, புள்ளி உண்டா எல்லாம். தேதிகள் மூன்று வகை: செய்த தேதி, முதன்முதலில் ஒலித்த தேதி, வெளியான தேதி. மூன்றுக்கும் நடுவில் இரண்டு வருடம்கூட இருக்கலாம், எது எந்தத் தேதி என்று குறிப்பிடாத காலவரிசை வெறும் வதந்தி.

சொல்ல மறந்துவிடக் கூடாத ஒன்று. கிக் யாரிடமிருந்து வந்தது என்று கேளுங்கள் என்று மேலே சொன்னேன். அப்போது சாம்பிள், அதாவது வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த ஒலித் துண்டு, எங்கிருந்து வந்தது என்ற பேச்சும் வரும். அவர் உற்சாகத்தில் எல்லாம் சொல்லிவிடுவார். அனுமதி வாங்காத சாம்பிளை நீங்கள் அப்படியே அச்சிட்டால் அவர்மேல் வழக்குப் போட நீங்களே ஆதாரம் எடுத்துக் கொடுத்த மாதிரி. அந்தப் பகுதியை மட்டும் அவரிடம் காட்டி, போடலாமா என்று கேளுங்கள். மற்ற பதில்களைத் திருத்தும் உரிமை தர வேண்டியதில்லை. சொந்தப் பெயரும் அப்படித்தான், பலர் பகலில் பார்க்கும் வேலைக்குத் தெரியாமல் இசை செய்கிறார்கள். உரிமம் இல்லாமல் நடக்கும் நிகழ்ச்சியின் இடத்தையும் போடாதீர்கள். புகைப்படக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அச்சுக்கு, இணையத்துக்கு என்று தனித்தனியாக.

தொடர்ந்து வரும் வெளியீடுகளுக்கான ஐஎஸ்எஸ்என் எண்ணுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். எட்டு இலக்கம், அச்சுக்கு ஒன்று, இணையப் பதிப்புக்கு வேறொன்று. நூலகங்கள் உங்களைப் பட்டியலிட அது உதவும். நேர்காணல் ஒலிப்பதிவு, வெட்டாத எழுத்துப்படி, அச்சுக் கோப்பு மூன்றையும் இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கால அட்டவணை

வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 16 வாரம் வேண்டும். அச்சுக்கும் அனுப்புதலுக்கும் கடைசி மூன்று, மெய்ப்புக்கும் மாதிரிப் பிரதிக்கும் அதற்கு முன் இரண்டு, வடிவமைப்புக்கு மூன்று, மீதி எட்டு வாரம் எழுத்துக்கு. நேர்காணல் தருவதாகச் சொன்னவர் நான்கு வாரம் பதிலே தர மாட்டார் என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள், இரவு முழுக்க விழித்திருப்பவர்கள் அவர்கள், மதியம் இரண்டு மணிக்கு முன்னால் போன் செய்யாதீர்கள்.

கட்டு வந்து இறங்கியதும் வெவ்வேறு கட்டிலிருந்து ஐந்து பிரதி உருவி, பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள், ஃபாரம் மாறியிருக்கிறதா, பின் சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று. முதல் உறைகள் எழுதியவர்களுக்கும் பேசியவர்களுக்கும். முன்பதிவு செய்தவர்களுக்கு அடுத்த நாள். அப்படியே இரண்டாம் இதழின் கட்டத் தாளை எடுத்து, மூன்றாம் பக்கத்தில் ‘திருத்தங்கள்’ என்று கால் பக்கம் ஒதுக்கி வையுங்கள். எங்களுக்கு அரைப் பக்கம் தேவைப்பட்டது.